கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் தொழில்

எனக்குத் தொழில் இறைப்பு மெசின் திருத்துவது. உரும்பிராய், கோப்பாய், ஊரெழு, புன்னாலைக்கட்டுவன் என்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்குள் சாவிப் பையோடு திரிகிறவன். மெசின் தண்ணீர் எடுக்கவில்லை என்று ஆள் வந்து கூப்பிட்டால், போனதும் மெசினைத் தொடுவதில்லை. கிணற்றுக்கட்டில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும். கூடவே, உள்ளே என்ன உயிர் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். முதலாவது என் தொழிலுக்குத் தேவை. இரண்டாவது வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் தானாக ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நல்ல கிணறு என்றால் பொழிகல் இடுக்குகளில் பன்னம் தழைத்திருக்கும். ஈரமான கல்லில் தவளை ஒன்று, உங்களைப் பார்த்ததும் குதிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கும். சிலர் ஆமை விட்டிருப்பார்கள். நுளம்புக்காகச் சுகாதாரப் பகுதியினர் விட்ட கப்பி மீன்கள் மேல்மட்டத்தில் நெளியும். இவை ஒன்றுமில்லாத கிணறுகளும் இருக்கின்றன. கோடை முடியும் காலத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள அகலக் கிணறுகளில் அதைக் காணலாம். தண்ணீர் பச்சையாக இருக்கும். குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வைக் கழற்றி மேலே எடுத்தால், வலைத்தகட்டைச் சுற்றிப் பாசி நூல்நூலாகத் தொங்கும், பிழிந்தால் கையில் வழுவழுப்பாக ஒட்டும். அதற்குக் கீழே சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, திருகு மறை எது தகடு எது என்று தெரியாதபடி மூடியிருக்கும். சுண்ணாம்பு இந்த மண்ணின் இயல்பு, அதைச் சுரண்டிவிடலாம். பாசி நாங்கள் போட்ட சாப்பாட்டில் வளர்ந்தது. வெயிலும், பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் இருந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு என்று ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் ஓடிக் கோடையில் படுத்துவிடும். வருடத்துக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை. அது செம்மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள மயோசின் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் சேர்கிறது. அந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். குடாநாட்டின் அடிப்பக்கம் முழுவதுமே அந்த அதிசயம்தான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கும் என்பது நீரியலின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 1 மீற்றர் குறையும்படி இறைத்தால், அடியில் உப்பு எவ்வளவு தூரம் ஏறி வரும்? நான் பூட்டிக் கொடுக்கும் மோட்டர்களின் குதிரைவலு ஏறிக்கொண்டே போவதால் இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

சுண்ணக்கல் மணலைப் போல வடிகட்டாது. மேலே ஊற்றியது வெடிப்பு வழியே நேராகக் கீழே போகும். யாருடைய வளவில் ஊற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது.

தவளைக்கும் பாசிக்கும் வருமுன் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வேலி என்றால் கதியால் வேலி, அதாவது பச்சைக் கொம்புகளை நட்டுத் தளிர்க்க விடும் வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை. அதற்குள் புலுனிக் கூட்டம், ஓணான், செண்பகம், கார்த்திகை மாதத்தில் தானாகப் படர்ந்து பூக்கும் கார்த்திகைப்பூ. வருடாவருடம் வேலியை வெட்டி அடைப்பார்கள். வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும், மிச்சம் தோட்டத்தில் தாழ்க்கப்படும். புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குள் பூவரசங்குழையைப் புதைப்பதற்கென்றே கூலிக்கு ஆள் பிடித்த காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் இரவு மாட்டுப்பட்டி கட்டுவார்கள். அதாவது வேலிதான் பசளைத் தொழிற்சாலை, மாடுதான் லொறி. அந்த வேலியில் இருந்த குருவியும் பூச்சியும் அதன் சம்பளமில்லாத வேலைக்காரர்கள்.

இப்போது மதில். வெளிநாட்டுக் காசு வந்த வளவுகளில் முதலில் எழும்புவது மதில்தான், வீடு பிறகு. மதில் கட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. கள்வர் பயம், எல்லைச் சண்டை, வேலி அடைக்க ஆள் கிடைக்காமை எல்லாம் உண்மையான காரணங்கள். கதியால் ஒன்று நட்டு அடுத்த வருடம் அரை அடி தள்ளி நட்டதால் நீதிமன்றம் ஏறிய சகோதரர்களை எனக்குத் தெரியும். மதில் வந்தபின் அந்த வழக்குகள் குறைந்திருக்கலாம். குழையும் போய்விட்டது. குழை போன இடத்துக்கு யூரியாப் பை வந்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு முறை யூரியா இல்லாமல் தோட்டம் செய்திருக்கிறார்கள். இரண்டு முறையும் யாரும் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

முதலாவது 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடை. எரிபொருளும் பற்றரியும் யூரியாவும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். யூரியா வெடிமருந்துக்குப் பயன்படும் என்பது காரணம். மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் மெசின் திருத்தப் பழகிய ஆள் நான். பழகியதை எங்கே காட்டுவது? தோட்டங்களில் துலா, அதாவது ஆள் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கும் மரம், திரும்பி வந்தது. துலா மிதிக்கத் தெரிந்த கிழவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடியது. ஆட்டெருவுக்குச் சண்டை, குழைக்குச் சண்டை. துலாவால் இறைக்கக்கூடிய தண்ணீர் மனிதனின் கால் வலுவுக்கு உட்பட்டது. ஆகவே கிணறும் வற்றவில்லை. அந்த வருடங்களின் மாரியில் தவளைச் சத்தம் காதைப் பிளந்தது என்று நான் சொன்னால், குண்டுச் சத்தம் ஓய்ந்த இரவுகளில் வேறென்ன கேட்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் மழைக்குத் தோட்ட வரம்பில் தம்பளப்பூச்சி என்ற சிவப்பு வெல்வெட் பூச்சி நெருப்புத் துணுக்குகளாக ஊர்ந்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. என் வயதுக்காரர் எல்லோரும் தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்தவர்கள். அது மழைக்கு வெளியே வருவது அழகு காட்ட அல்ல. மழையோடு எழும்பும் கறையானையும் ஈசலையும் தின்னத்தான். அதன் குஞ்சுகள் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளில் ஒட்டுண்ணியாக இருந்து வளரும். மண்ணுக்குக் கிருமிநாசினி ஊற்றுகிற தோட்டத்தில் அதற்கு உணவும் இல்லை, இருப்பிடமும் இல்லை.

அந்தக் காலம் உயிர்களுக்கு நல்ல காலம் என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் என்று பனைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததும் அதே வருடங்களில்தான். பனை சாய்ந்தால் ஓலையில் கூடு ஒட்டி வாழும் பனை உழவாரக் குருவியும், தொங்கும் கூடு கட்டும் தூக்கணாங்குருவியும் எங்கே போகும்?

இரண்டாவது முறை 2021. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்திவிட்டு, நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டார்கள். கொழும்பில் சேதனப் பசளை, அதாவது குழை, எரு போன்ற இயற்கைப் பசளை, என்று பேசினார்கள். இங்கே சேதனம் எதிலிருந்து வரும்? வேலி மதிலாகிவிட்டது, மேய்ச்சல் தறை வீட்டுக் காணியாகிவிட்டது, மாடு வைத்திருப்பவரைத் தேடிப் போகவேண்டும். தொண்ணூறுகளில் குழையாவது இருந்தது. கோப்பாயில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஐயா ஒருவர், யூரியாவைக் கறுப்புச் சந்தையில் வாங்கிவந்து, அதை வைக்கோலுக்குள் ஒளித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, சந்தையில் எடையைத்தான் பார்க்கிறார்கள். என் தோட்டத்தில் மண்புழு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை." அவரோடு வாதாட எனக்குச் சொல் கிடைக்கவில்லை. தடை நீங்கிய அடுத்த போகத்தில், விட்ட குறையைப் பிடிப்பவர்போலக் கூடுதலாகவே போட்டார்.

வெங்காயத்தின் வேர் ஆழமில்லாதது. அடிக்கடி நீர் கட்ட வேண்டும். நீர் கட்டும்போது, வேர் எடுக்காத பசளையெல்லாம் அதே நீரோடு கீழே இறங்குகிறது. கீழே இருப்பது அதே கிணறு. அங்கிருந்து திரும்ப இறைத்து அதே பாத்திக்கு விடுகிறோம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறுவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கின்றன. கொதிக்க வைத்துக் குடிக்கிறோம் என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போவதால் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் தூளுக்கும் அது அசையாது. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை அது குறைக்கும். தவளையின் நிலையோ இன்னும் மோசம். குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கலாம், வாற்பேத்தைக்கு யார் வாங்குவார்கள்? மாரியின் முதல் வெள்ளம் தோட்டத்துப் பசளையை வழித்துக்கொண்டு எந்தப் பள்ளத்தில் தேங்குகிறதோ, அதிலேயே அது முட்டையிட வேண்டியிருக்கிறது. தோல் வழியாக நீரை உறிஞ்சுகிற உயிர் அது.

பசளை மட்டுமல்ல. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். இப்போது சீதனமாகவும் விலைக்கும் கைமாறுவது இரண்டு பரப்புக் காணிகள். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்றால், இரண்டு பரப்பு சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 74 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் வீடு, கிணறு, குழி. உங்கள் கிணற்றிலிருந்து உங்கள் குழியைத் தள்ளினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும். சுண்ணக்கல்லில் 50 அடி என்பதே ஒரு மன ஆறுதல்தான் என்பது வேறு கதை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் எல்லோருக்கும் தெரியும். 2014, 2015இல் மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சனங்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணந்தது, குற்றவாளிக்கு ஒரு முகவரியும் இருந்தது. அதனால் ஊர் திரண்டது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, முகவரி என்றால் எங்கள் எல்லோருடையதும்தான். கடல் விஷயமும் இப்படித்தான். எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் அடித்தளத்தை வாரிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசாத தேநீர்க்கடை யாழ்ப்பாணத்தில் இல்லை. இழுவைமடி இலங்கைச் சட்டத்திலும் 2017இல் தடைசெய்யப்பட்டது. பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் கீரிமலையில் நிலத்தடி நன்னீர் கடலோரத்தில் ஊற்றாகப் பொங்குவதை நாம் புனிதமாகக் கும்பிடுகிறோமே, இதே குடாநாட்டின் கிணற்று நீர்தானே கரை நெடுகக் கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்கும் களப்புக்கும் கசிகிறது? பசளை கூடிய நீர் களப்பில் சேர்ந்தால் பாசி பெருகும், பாசி மூடினால் கடற்புல்லுக்கு வெளிச்சம் போகாது, கடற்புல் குறைந்தால் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிய இடமில்லை.

உப்பேறிய கிணறுகளின் கதை வேறு. கரையோரத்தில் அதிகமாக இறைத்து உவர்த்துப்போன கிணறுகளைக் கைவிட்டுவிடுகிறார்கள். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கரையோரக் கிணறுகளின் உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வது காட்டப்பட்டது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்ரெம்பரில் சான்றிதழ் பெற்றது. அதே வருடம் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற புதிய மலேரியா நுளம்பைக் கண்டார்கள், அதுவும் கிணறுகளில். பிறகு அது யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. தவளை இல்லாத, தும்பி பறக்காத, ஒருவரும் இறைக்காத கிணறு நுளம்புக்குத் தனி மாளிகை. கப்பி மீனை விட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கப்பியும் வெளிநாட்டு மீன்தான். ஆனாலும் என்ன செய்வது, தும்பியை யாராலும் வாளியில் கொண்டுவந்து ஊற்ற முடியாது.

வலிகாமம் வடக்கில் 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்து, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது, அந்தக் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வசாவிளான் பக்கம் ஒரு வளவு. வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து அம்மா வாளிக் கயிறு ஓடும் கப்பி தொங்கிய தூணை வைத்துத்தான் கிணற்றை அடையாளம் கண்டார். கட்டின் மேலே ஒரு ஆல் முளைத்து மரமாகி நின்றது. அதன் வேர்கள் பொழிகல்லைப் பிளந்து உள்ளே இறங்கித் தண்ணீரைத் தொட்டிருந்தன. எட்டிப் பார்த்ததும் நீலமாக ஒன்று என் காதோரம் சீறிக்கொண்டு வெளியே போனது, மீன்கொத்தி. கல் விழுந்த இடத்துச் செம்மண் சுவரில் அதற்குப் பொந்து. இன்னும் கீழே வௌவால்கள். தண்ணீரோ, அடியில் கிடந்த செம்பின் விளிம்பு தெரியும் அளவுக்குத் தெளிவு. இருபத்தைந்து வருடங்களாக அதைச் சுற்றி ஒருவரும் யூரியா போடவில்லை, மோட்டர் வைக்கவில்லை.

ஆலை வெட்டினோம். வெட்டத்தான் வேண்டும், கட்டு இடிந்துவிடும். முகாமில் பிள்ளை பெற்று, முகாமில் பிள்ளையைக் கட்டிக் கொடுத்துத் திரும்பி வந்திருக்கிற அம்மாவிடம், மீன்கொத்திக்கு இடம் விடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதன்பிறகு நடந்தது எனக்குக் கோபம் மூட்டியது. கனரக இயந்திரம் கொண்டுவந்து முழு வளவையும் ஒரு பச்சை மிஞ்சாமல் வழித்தார்கள். வீட்டுக்கு வேண்டிய இடத்தை மட்டும் வழித்திருக்கலாம். அடுத்த மாரியில் அந்தத் தறை முழுவதும் பார்த்தீனியம். இந்தியப் படையோடு வந்த ஆடுகளோடும் பொருட்களோடும் எண்பதுகளின் கடைசியில் நுழைந்ததாகச் சொல்லப்படும் செடி. ஒரு செடி 25,000 விதை வரை போடும், தன் அருகில் வேறொன்று முளைக்காதபடி வேரிலிருந்தும் இலையிலிருந்தும் நஞ்சு கசியவிடும், பிடுங்கினால் தோல் அரிக்கும், மகரந்தம் மூச்சை இழுக்கும். மாடு தொடாது. வெறுந்தறையைக் கண்டால் அது விடாது. அந்த அம்மா இப்போது அதைக் கையுறை போட்டுப் பிடுங்குகிறார். முந்தி அங்கே நொச்சியும் ஆடாதோடையும் நின்றதாகச் சொன்னார்.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் ஒவ்வொரு ஊராக வருகிறது. நல்லதுதான், நைத்திரேற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். என் தொழிலுக்கு அடி விழும் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தோட்டம் இருக்கும்வரை அடி விழாது. எனக்குள்ள கவலை வேறு. சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் பழைய மோட்டரைக் கழற்றி விற்றுத் தரும்படி கூப்பிட்டிருந்தார்கள். குழாய் வந்துவிட்டதால் கிணறு தேவையில்லையாம். போய் எட்டிப் பார்த்தேன். உடைந்த ஓடு, பொலித்தீன் பை, மீதிப் பூச்சு வாளிகள், கோழி வெட்டிய கழிவு. கிணற்றைத் தூர்ப்பதென்று முடிவெடுத்து, லொறிக் கூலியை மிச்சம் பிடிக்க வீட்டுக் குப்பையாலேயே தூர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, பக்கத்து வளவில் வெங்காயம் செய்கிறார்களே, அவர்கள் கிணற்றுக்கும் இதுதானே ஊற்று?" என்றேன். "அவர்கள் குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர் எடுத்துவிட்டார்கள், தோட்டத்துக்குத்தானே" என்றார் வீட்டுக்காரர்.

மோட்டரை எடுக்காமல் வந்துவிட்டேன். குப்பையை வெளியே எடுத்து, கிணற்றுக்கு வலை போட்டு மூடி, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து அதற்குள் விடுவதற்கு என்ன செலவாகும் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மோட்டர் விலையை அதில் கழித்தும் காட்டியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.